பாய் விரிச்ச படம்

உக்காருங்க அண்ணே. அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சுக்குக் கால் ஆடும். இப்படி என் பக்கத்துல வாங்க. குளிருதா? குளிரத்தான் செய்யும். தூத்துக்குடியில குளிரான்னு வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. வருஷம் பூரா உப்பளத்தோட சேந்து காயுற ஊர்தான், இல்லேங்கல. ஆனா மார்கழிக் கடைசியில மழை பெஞ்சும் பெய்யாமலும் வாடை இறங்கிச்சின்னா, இந்தப் பழைய துறைமுகத்துல ஒரு மனுஷன் கை சட்டைப்பையை விட்டு வெளிய வராது. அங்க பாருங்க, லோடுமேன் எல்லாரும் வெங்காயச் சாக்கைத் தலையில கவுத்துக்கிட்டு வரிசையா உக்காந்திருக்காங்க. சாமியார் மடம் மாதிரி இல்ல?

கேமரா நல்ல கேமரா. விஸ்வேஷ் சாரோடதும் இதே மாதிரிதான். அவர் சொல்லித்தானே என்னைத் தேடி வந்தீங்க? தலையை ஆட்டுறீங்க. வாயைத் திறந்து பேசினா என்ன அண்ணே? பயப்படாதீங்க, உங்க குரலைத் திருடமாட்டேன். சும்மா சொன்னேன். திருடிருவேன். இப்ப கடைக்காரர்கிட்ட "ஒரு டீ"ன்னீங்கல்ல, அந்த ரெண்டு வார்த்தையே எனக்குப் போதும். "ஒரு டீ." எப்படி? பம்பாய்ப் பக்கம் ரொம்ப நாள் இருந்தீங்களோ, டீயை ஒரு இழுப்பு இழுக்கிறீங்க. ஆனா அடியில நம்ம ஊர் மண்ணு கிடக்கு. எங்கேயோ கேட்ட சாயல். கண்டுபிடிச்சிருவேன், இருங்க.

முதல்ல என்னைச் சொல்லிடுறேன். பேரு கிளிட்டஸ். ப்ளஸ் டூ. எங்கப்பா ரெமிஜியுஸ், இங்க நிக்கிற தோணிகளுக்கெல்லாம் குடிதண்ணி அவர்தான் கொண்டுபோய் நிரப்புறது. அதனால எங்ககிட்ட இந்த வாக்கி டாக்கி செட்டு. எந்தத் தோணிக்குத் தண்ணி வேணும்னு இதுலதான் கேப்பாங்க. முதலாளிமார் தண்டல்மார்கிட்ட பேசுறதும் இதே செட்டுலதான், தோணிக்கு ஒரு சேனல். தண்டல்னா தோணிக்குத் தலைவர், கேப்டன் மாதிரி. பிறந்ததுலேர்ந்து இந்தச் சத்தத்தைக் கேட்டு வளந்தவன் நான். எனக்கு முதல்ல வந்தது அம்மா குரலா அப்பா குரலான்னு கேட்டா, ரெண்டும் இல்ல. தோணி இஞ்சின். கேக்குறீங்களா? டுப், டுப், டுப், டுடுப்... இந்தா, நாய் எந்திரிச்சிட்டு பாருங்க!

போன வருஷம் எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்குல சொன்னேன். "மாணவர்களே, கனமழை காரணமாக இன்று பள்ளிக்கு விடுமுறை." வெளிய வெயில் மண்டையைப் பிளக்குது. ஆயிரத்து இருநூறு பேரும் பையைத் தூக்கிட்டாங்க. வாத்தியாருங்கதான் முதல்ல வண்டியை எடுத்தது! ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட அண்ணாந்து வானத்தைப் பாக்கல. அன்னைக்குத்தான் எனக்கு விஷயம் புரிஞ்சது. குரல் சரியா இருந்தா மனுஷன் வானத்தைப் பாக்கமாட்டான். 

சிரிக்கமாட்டீங்களா? இதுக்கு எல்லாரும் சிரிப்பாங்க.

சரி, குளிர்ல வாய் கட்டிப்போச்சு போல. டீயைக் குடிங்க, ஆறுது.

எல்லாக் குரலும் ஒண்ணு இல்ல அண்ணே. பர்னபாஸ் முதலாளி குரல் ரொம்ப லேசு. சகாய ராணி தோணிக்கு முதலாளி. வெத்தலையை இடது கன்னத்துல ஒதுக்கணும், "இந்தா பாரும்"னு தொடங்கணும், நடுவுல ஒரு செருமல். முடிஞ்சுது. கஸ்பார் தண்டல் குரல்தான் என்னை ஆறு மாசம் அலைக்கழிச்சது. சகாய ராணிக்கு அவர்தான் தண்டல். ஈரச் சாக்கை மணல்ல இழுக்கிற மாதிரி ஒரு குரல். ஒரு வார்த்தை சொல்லுவார், அடுத்த வார்த்தைக்கு யோசிப்பார். வார்த்தை பெரிசில்ல. அந்த யோசனையைப் புடிக்கணும், அதுதான் வித்தை.

இப்ப படத்துக்கு வாரேன். அதைக் கேக்கத்தானே வந்தீங்க.

விஸ்வேஷ் சார் மெட்ராஸ்லேர்ந்து வந்தது போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. இவ்வளவு பழைய துறைமுகம், இன்னும் வேலை செய்யுது, பாய்மரத் தோணியில இன்னும் மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் போகுது, அதைப் படம் எடுக்கணும்னு வந்தார். வந்த நேரம் பாத்தா குளிரு. கடல் ஈயத் தகடு மாதிரிக் கிடக்கு. தெக்கே காத்து மோசமா கிளம்புது, யாரும் போகாதீங்கன்னு தகவல் வந்து, எல்லாத் தோணியும் பாயைச் சுருட்டி வச்சிக்கிட்டு நிக்குது. சகாய ராணிக்குச் சரக்கு ஏத்தியாச்சு, கஸ்டம்ஸ் பேப்பர் முடிஞ்சாச்சு, எங்கப்பா தொட்டி ரெண்டும் தளும்பத் தளும்பத் தண்ணி நிரப்பியாச்சு. தண்டலோட சேத்து ஏழு பேரும் தோணியிலேயேதான் இருந்தாங்க. பர்னபாஸ் முதலாளி செட்டுல கண்டிப்பா சொல்லிட்டார். "இந்தா பாரும், என் வாக்கு இல்லாம... க்கும்... நங்கூரம் தூக்கக்கூடாது."

சார் ரெண்டு நாள் சுத்தினார். கயித்தைப் படம் எடுத்தார், காக்காயைப் படம் எடுத்தார், குல்லா போட்ட கிழவரைப் படம் எடுத்தார். ஒண்ணும் மனசுக்குப் புடிக்கல. செவ்வாய்க்கிழமை காலையில ஏழு ஏழேகால் இருக்கும். நான் செட்டைக் கழுத்துல போட்டுக்கிட்டு அவர் கூட, கடலுக்குள்ள நீண்டு கிடக்கிற பாலத்து நுனியில நிக்கிறேன். பல்லு தந்தி அடிக்குது. திடீர்னு மேகம் ஒரு இடத்துல கிழிஞ்சு, அதுவழியா வெளிச்சம் கடல் மேல ஊத்துச்சு பாருங்க. சார் அப்படியே கேமராவைத் தூக்கிட்டார். தூக்கிட்டு, அழுதுருவார் போல ஒரு குரல். இது விஸ்வேஷ் சார் குரல், கேளுங்க. "ஐயோ, ஒரே ஒரு பாய்... ஒண்ணே ஒண்ணு விரிச்சாப் போதும்ப்பா. அஞ்சு நிமிஷம்."

"விரிக்கச் சொல்லவா சார்?"

"நீ சொன்னா விரிப்பாங்களா?"

"நான் சொன்னா விரிக்கமாட்டாவ. முதலாளி சொன்னா விரிப்பாவ."

சொல்லிட்டு வாயில வெத்தலை இல்லாமலே இடது கன்னத்தை உப்பிக்கிட்டேன். சார் இடுப்பைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சார். தடுக்கல அண்ணே. சிரிச்சார்.

செட்டை அமுக்கினேன். "இந்தா பாரும் கஸ்பாரு. காத்து விலகிட்டு. நங்கூரத்தைத் தூக்கிப் பாயை விரியும். இப்பமே கெளம்பும்."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அப்புறம் ஈரச் சாக்கு. "முதலாளி... தெக்கே இன்னும்... கறுப்பாத்தான கெடக்கு."

பாத்தீங்களா? அவர் மட்டும் வானத்தைப் பாத்திருக்கார். பெரிய ஆள்தான். ஆனா நான் விடுவேனா? "க்கும். நான் துறைமுகத்துல கேட்டுட்டுத்தான் சொல்லுதேன்"ன்னேன். இன்னும் ஒண்ணு சேத்துச் சொன்னேன், அது தொழில் ரகசியம், அப்புறமா சொல்றேன். தண்டல் நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். அது அவங்க வழக்கம். உத்தரவை வாங்கினவர் ஒருதடவை சொல்லிக் காட்டணும். சொல்லிட்டுக் கடைசியா கேட்டார், "முதலாளி வாக்குதான?"

நான் சொன்னேன், "என் வாக்கு."

அந்த "என் வாக்கு" இருக்கே அண்ணே, அதை மட்டும் பர்னபாஸ் முதலாளியே கேட்டிருந்தா எனக்குக் கை குடுத்திருப்பார்.

நங்கூரம் ஏறுச்சு. ஏழு பேரும் கயித்துல தொங்குறாங்க. பெரிய பாய் ஒரு உதறு உதறி விரிஞ்சுது. வெள்ளையும் இல்லாம மஞ்சளும் இல்லாம, அந்த வெளிச்சத்துல... எனக்குச் சொல்லத் தெரியல. சார் டக் டக் டக்குன்னு எடுத்துக்கிட்டே இருக்கார். இந்தா, கேமரா சத்தம்கூட எனக்கு வரும், டக்-ஷ்க், டக்-ஷ்க். 

பாய் விரிஞ்சதும் "வேண்டாம், திரும்பும்"னு சொல்லிடலாம்னுதான் நான் வச்சிருந்தது. சத்தியமா. செட்டை அமுக்கினேன். பதில் இல்ல. மறுபடி அமுக்கினேன். இல்ல. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நங்கூரம் தண்ணியை விட்டு வெளிய வந்ததும் தண்டல் செட்டை அணைச்சிருவார். எல்லாத் தோணியிலயும் அப்படித்தான். கிளம்பினவங்களைக் கரையிலேர்ந்து யாரும் பின்னால கூப்பிடக்கூடாது, கூப்பிட்டாலும் காதுல விழக்கூடாது. அந்தா தெரியுதுல்ல தீவு, அதைத் தாண்டினதும்தான் மறுபடி போடுவாங்க. இருபது நிமிஷம். எனக்குத் தெரியாததா? தண்ணிக்காரன் மகன் நான். சிரிச்ச சிரிப்புல மறந்துபோச்சு.

இருபது நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டிருக்கலாமேன்னு கேக்குறீங்க. கண்ணாலேயே கேக்குறீங்க. கூப்பிட்டிருக்கலாம். ஆனா சார் என் தோள்ல கையைப் போட்டு, வாப்பா ஆப்பம் சாப்பிடலாம்னு கூட்டிட்டுப் போயிட்டார். எனக்கும் பசி. குளிர்ல பசி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? செட்டைப் பையில போட்டேன், ஆறு ஆப்பம் தின்னேன், ஆட்டுக்கால் வேற. அவ்வளவுதான் நடந்தது. அப்படியும் பாத்தா, தண்டலுக்கு முப்பது வருஷக் கடல் அனுபவம். காத்து மோசம்னு தெரிஞ்சா அவரே திரும்பிருவாரா மாட்டாரா? ஒரு பையன் விளையாட்டுக்குச் சொன்னதுக்காக ஒரு தோணி மாலத்தீவு வரைக்கும் போகுமா?

என்ன அண்ணே, கேமரா மூடியைக்கூடத் திறக்கல? வெளிச்சம் போயிரும். அந்தா, அந்தக் கயித்துக் குவியல் நல்லா வரும்.

சரி விடுங்க.

எட்டரைக்குத்தான் பர்னபாஸ் முதலாளி ஆபீஸுக்கு வந்து செட்டைப் போடுவார்; வந்தவர் வாசல்ல நின்னு கத்தினார். "போகாதேன்னு சொன்னேன், திமிரெடுத்துப் போயிட்டான்! ஏழு உசிரு! என் வாக்கை மீறிப் போயிட்டான்!" நான் சந்துக்குள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். கோபத்துல அவருக்குச் செருமல் வராது, அது எனக்குப் புதுசு. குறிச்சு வச்சிக்கிட்டேன். செட்டுலயும் செல்லுலயும் கூப்பிட்டுப் பாத்தாங்க, எட்டாத தூரம் போயாச்சு, கிடைக்கல. அன்னைக்குச் சாயங்காலம் காத்து மாறுச்சு. எங்க வீட்டு ஓட்டுல ரெண்டு பறந்துபோச்சு. அப்பா ராத்திரி சாப்பிடல. "கஸ்பாரு அப்படிப்பட்ட ஆளு இல்லையே லே"ன்னு என்னைப் பாத்துச் சொன்னார். எதுக்கு என்னைப் பாத்துச் சொல்லணும்? பக்கத்துல நான்தானே இருந்தேன், அதனால இருக்கும்.

மூணாவது நாள் ராத்திரி மாலத்தீவு சேந்து தகவல் வரணும். வரல. நாலாவது நாள் வரல. அஞ்சாவது நாள் காலையில மாதா கோவில் வழியா போனேன். படியில ரெஜினா அக்கா. தண்டலோட சம்சாரம். ஈரச் சேலையோட முட்டி போட்டிருந்தாங்க. நாலு பொம்பளைங்க சுத்தி நின்னு, "ஒம் புருஷன் ஏன் புள்ள முதலாளி பேச்சைக் கேக்காமப் போனான்"னு கேக்குறாங்க. அவங்க அழுதுக்கிட்டே, "அவிய வாக்கு வாங்காமப் போகமாட்டாவ, போகவே மாட்டாவ"ன்னு ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பி...

எனக்கு மனசு தாங்கல அண்ணே. நான் விளையாட்டுப் பிள்ளைதான், ஆனா கல்லு இல்ல. அக்காவுக்கு என்ன வேணும்? ஒரு குரல். என்கிட்ட இருக்கு. பின்ன குடுக்காம வச்சிக்கிட்டு என்ன செய்ய?

தோஸ்து ஒருத்தன் சும்மா போட்டு வச்சிருந்த சிம்மை வாங்கி இந்த ரெண்டாவது செல்லுல போட்டேன். சாயங்காலம் ஆறு மணி. உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கிக்குப் பின்னால நின்னு, பயத்துல அவங்க ஹலோ சொல்றதுக்குள்ளேயே ஆரம்பிச்சிட்டேன். "ரெஜினா... சேந்துட்டோம். என் செல்லு... தண்ணியில விழுந்துட்டு. இது நம்ம ஊர்ப் பையன்... போனு." 

முழுசும் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், "சரிங்க"ன்னாங்க. "நல்லா இருக்கியளா?"

"இருக்கேன்."

"நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவியளா?"

பாருங்க, எவ்வளவு ஆசை! அழுகை அப்படியே நின்னுபோச்சு. அன்னையிலேர்ந்து அக்கா ஒருநாளும் அழல அண்ணே, அவ்வளவு நிம்மதி. ஊர்லயும் பேச்சு அடங்கிடுச்சு. கஸ்பார் தண்டல் சேந்துட்டாராம்னு கடைக்குக் கடை சொன்னாங்க. அப்பா அன்னைக்குத்தான் ஒழுங்கா சாப்பிட்டார். ஒத்தை ஆளு, ஒரு செல்லு, ஒரு ஊரையே தூங்க வச்சேன்.

தினமும் ஆறு மணிக்கு. இன்னைக்கோட அஞ்சாவது நாள். என்ன பேசுவோம்னா, அக்காதான் நிறையக் கேப்பாங்க. பொம்பளைங்களுக்கு எல்லாம் தெரியணும்ல. "எத்தனை மணிக்குக் கெளம்புனிய?" நான், "ஏழரை." "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியளே?" நான் சமாளிச்சேன், "முதலாளி... அவசரப்படுத்திட்டாரு." அதுக்கு அவங்க, "அப்ப வாக்கு வாங்கித்தான் போனியளா?"ன்னாங்க. "பின்ன?"ன்னேன். மூணாம் நாளும் நாலாம் நாளும் ஒரே கேள்வி. "எந்தப் பக்கமாப் போனிய? தீவுகிட்ட எந்தப் பக்கம் திரும்புனிய?" நான், "எப்பவும் போற... பக்கந்தான்." பூகோளப் பரீட்சை மாதிரி இருந்துச்சு போங்க.

தண்டல் எங்கேன்னு கேக்குறீங்களா? எனக்கு எப்படித் தெரியும்? எங்கேயாவது ஒதுங்கியிருப்பார். நாளைக்கோ நாளான்னைக்கோ அவரே கூப்பிடுவார். அது வரைக்கும் நான் இடத்தைக் காலியா விடாம வச்சிருக்கேன், அவ்வளவுதான். பஸ்ஸுல துண்டு போட்டு வைக்கிற மாதிரி.

மேல சத்தம் கேக்குதா? விமானம். நாலு நாளா தெக்காம போய்ப் போய் வருது. குடியரசு தினம் வருதுல்ல, ஒத்திகை. அதோட சத்தம் எனக்கு இன்னும் சரியா வரல.

என்னது, பேப்பரா? அட, அந்தப் படம்! ஞாயித்துக்கிழமை மலர்ல வந்தது. வெட்டி வச்சிருக்கீங்களா? மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சே போச்சே அண்ணே, எத்தனை தடவை பாத்தீங்க? கீழே என் பேரு போடல, பரவாயில்ல. என்ன பாய் பாருங்க!

விரலை வச்சு என்ன காட்டுறீங்க? தீவா? ஆமா. தோணி தீவுகிட்ட வந்தாச்சு, இன்னும் திரும்பல. தெக்கே போற தோணி இந்த இடத்துல வலது பக்கம் ஒடிச்சிருக்கணும். இது நேரா கிழக்கே போகுது. அண்ணே, நீங்க சாமானியப்பட்ட ஆள் இல்ல! இந்த ஊர்ல இத்தனை பேர் இந்தப் படத்தைப் பாத்தாங்க, ஒருத்தரும் கவனிக்கல.

அதுதான் நான் சொன்னேனே, தொழில் ரகசியம். சார் சொன்னார், வெளிச்சம் கிழக்கே விழுது, தோணி அந்த வெளிச்சத்துக்குள்ளேயே போனா இந்த ஜென்மத்துக்கு ஒரு படம் போதும்னு. அதான் முதலாளி குரல்ல ஒரு வரி சேத்துவிட்டேன். "தெக்கே எறங்காதியும். கிழக்காம கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கிப் போய், அப்புறமா எறங்கும்." இலங்கைக் கரை ஓரமா. தண்டல் திருப்பிச் சொன்னார்னேன்ல, "கிழக்காம... கற்பிட்டிப் பக்கம்"னு. அவர் வாக்குத் தவறமாட்டார். சொன்னா சொன்ன வழிதான்.

எங்க எந்திரிச்சிட்டீங்க? போனா? இங்கேயே பேசலாமே. சரி, மழை புடிச்சிட்டு, சத்தத்துல கேக்காது, அந்தத் தூண்கிட்ட போய்ப் பேசுங்க. டீயைத் தொடவே இல்லையே. ஏடு கட்டிப்போச்சு.

...வாங்க. ரெண்டே நிமிஷம். யார்கிட்ட அவ்வளவு வேகமாப் பேசினீங்க? "கிழக்கே, கிழக்கே"ன்னு கேட்டுச்சு. விஸ்வேஷ் சார்கிட்டயா? ரகசியத்தை உடைச்சிட்டீங்களா! மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? உக்காருங்க. கையைப் புடிக்காதீங்க அண்ணே, வலிக்குது. விடுங்க.

இந்தா, என் ரெண்டாவது செல்லு அடிக்குது. ரெஜினா அக்கா! ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கே. அவங்களே கூப்பிட்டதே இல்ல. பாத்தீங்களா ஆசையை? ஸ்பீக்கர்ல போடுறேன், நேர்லயே கேளுங்க என் வித்தையை. மூச்சு விடக்கூடாது, சரியா?

"ரெஜினா... என்ன... அதுக்குள்ள."

"தம்பி. இன்னைக்கு அந்தக் குரல் வேண்டாம்."

"என்ன சொல்லுத... ரெஜினா."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல. நீ தண்ணிக்கார ரெமிஜியுஸ் மகன்னு தெரியும், இந்த ஊர்ல இப்படிக் குரல் எடுக்க வேற யாரு இருக்கா. உன் பக்கத்துல உக்காந்திருக்கானே, அவன் என் தம்பி லடிஸ். பம்பாய்லேர்ந்து வந்திருக்கான். அவனுக்குப் படம் எடுக்கத் தெரியாது."

அண்ணே.

சாயல்னு சொன்னேன்ல. அக்கா குரல் சாயல்தான் அது. எனக்கு ஏன் அப்பமே...

"கேக்குதா? நீ மொத நாள் வாயத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும். இருபத்திரெண்டு வருஷமா அவிய போன்ல மொதல்ல பேசுனதே இல்ல. நான் 'நங்கூரம் புடிச்சிட்டா?'ன்னு கேப்பேன். 'புடிச்சிட்டு'ம்பாவ. அதுக்கு அப்புறந்தான் மத்த பேச்சு. நீ செட்டுல பேசுறதைக் கேட்டு வளந்தவன். வீட்டுக்குள்ள பேசுறது உனக்கு எப்படித் தெரியும்? ஊர்ல யாருகிட்டயும் நான் மூச்சு விடல. சேந்துட்டாவன்னே சொன்னேன். நீ பயந்து போனை அணைச்சிட்டா, கெளம்புன கதை தெரிஞ்ச ஒரே ஆளும் போயிருவியே. முதலாளிகிட்ட மட்டும் சொன்னேன். அன்னையிலேர்ந்து தேடுதாவ. நாலு நாளா விமானம் விட்டுத் தெக்கே தேடுதாவ. எப்பவும் போற பக்கந்தான்னு சொன்னியே, அந்தப் பக்கம்."

அண்ணே, நீங்களாவது சொல்லுங்க, நான் வேணும்னு...

"இப்பத்தான் லடிஸ் கிழக்கேன்னு சொன்னான். திருப்பிவிட்டிருக்காவ. எம் புருஷன் அந்த வழியிலதான் இருப்பாவ. தண்ணி இருபது நாளைக்கு இருக்கு, உங்கப்பா நெரப்புனது. இப்ப எனக்கு ஒண்ணு வேணும். முதலாளி என் பக்கத்துல நிக்காவ. முதலாளி வாக்கை மீறித் தண்டல் போனான்னு ஊர் பூரா பேச்சு. அன்னைக்கு நீ சொன்னதை, சொன்னபடியே, அந்தக் குரல்ல ஒருதடவை சொல்லு. முதலாளி கேக்கட்டும்."

தண்ணி இருக்கா அண்ணே? இல்ல, அந்த ஆறின டீயே போதும். குடுங்க.

"இந்தா பாரும் கஸ்பாரு. காத்து விலகிட்டு. நங்கூரத்தைத் தூக்கிப் பாயை விரியும். க்கும். தெக்கே எறங்காதியும். கிழக்காம... கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கிப் போய், அப்புறமா எறங்கும்."

"அதுக்கு எம் புருஷன் என்ன கேட்டாவ?"

"முதலாளி வாக்குதானன்னு."

"நீ?"

"...என் வாக்கு."

கேக்குதா அண்ணே? அந்தப் பக்கம் ஒரு செருமல். அது நான் இல்ல. அது நிஜம்.

"ரெஜினா... இது என் குரல்தாம்மா. நானே நம்பிருப்பேன். கஸ்பாரு என்ன செய்வான், பாவம்."

"கேட்டாச்சு முதலாளி. போதும். தம்பி, போனை வச்சிரு. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாத. ஆறு மணி ஆகப்போவுது. அவிய கூப்பிட்டா லைன் காலியா இருக்கணும்."

வச்சிட்டாங்க.

...போறீங்களா? கேமராவை விட்டுட்டுப் போறீங்க. யாரோடது இது? சரி. போலீஸுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க, நான் இங்கேயேதான் இருப்பேன். ஓடமாட்டேன். அப்பாகிட்ட மட்டும் நானே சொல்லிக்கிறேன். 

ஒண்ணே ஒண்ணு. நில்லுங்க. அக்காகிட்ட சொல்லணும்னா இதையும் சொல்லுங்க. தீவு தாண்டினதும் தண்டல் செட்டைப் போட்டார். எனக்குத் தெரியும், பையிலேர்ந்து சத்தம் வந்துச்சு. "முதலாளி... முதலாளி... தெக்கே மின்னுது. திரும்பட்டுமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். சார் ஆப்பத்தை என் தட்டுல வைக்கிறார். நான் செட்டை அமுக்கி அணைச்சேன். எந்தக் குரல்ல பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல அண்ணே.

ஆறு ஆப்பம் தின்னேன்னு சொன்னேன்ல. அது பொய். அன்னைக்கு எனக்குப் பசியே இல்ல.